ஆறு ஷில்லிங்கும் அரைப்பேரும்

சில வாரங்களுக்கு முன் லண்டனில் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். தேநீர் இடைவேளையில் நன்கு படித்த, நல்ல பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "உங்கள் மலையகத்துப் பிள்ளைகளுக்கு றக்பியெல்லாம் சரிப்பட்டு வராது ஐயா. அதற்கு உடற்கட்டும் வேண்டும், உள்ளத்தில் வேட்கையும் வேண்டும். திறமையிருந்தால் முரளிதரனைப் போல் மேலே வந்திருக்க மாட்டார்களா?" பொது இடமென்பதால் வாய்மூடியிருந்தேன். இங்கே அந்தத் தடை இல்லை.

முதலில் அந்த அன்பர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். இலங்கையில் றக்பி கொழும்பிலும் கண்டியிலும் மட்டும் வளர்ந்த விளையாட்டன்று. நானுஓயாவுக்கு அருகே ரதல்லவில் ஒரு மைதானம், டிக்கோயாவுக்கு அருகே தரவளையில் ஒரு மைதானம். சுற்றிலும் தேயிலை, நடுவே பச்சைக் கம்பளம். டிம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று தோட்டத்துரைமாரின் அணிகள் கிளிஃபர்ட் கிண்ணத்துக்காகக் கொழும்பு அணிகளுடன் மோதிய காலம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகும் பெரிய கல்லூரிகளில் றக்பி ஆடிய இளைஞர்களே சின்னத்துரைமாராக வந்தார்கள். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடத் தெரிந்தவனுக்கு ஆயிரம் தொழிலாளரை மேய்க்கவும் தெரியும் என்பது அந்த வட்டாரத்தின் நம்பிக்கை.

எழுபதுகளின் தொடக்கத்தில், இளம் செய்தியாளனாக, அப்படியொரு ஆட்டத்தைப் பார்க்க அனுப்பப்பட்டேன். ஆட்டம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதைப் போல எழுதிவிட்டேன், ஆசிரியர் மன்னித்தார். நினைவில் நிற்பது வேறொரு காட்சி. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்து தேயிலைச் செடிகளுக்குள் விழும் போதெல்லாம், லயத்துப் பையன்கள் நாலைந்து பேர் சரிவில் பாய்ந்து இறங்கி அதை எடுத்து வந்தார்கள். வெறுங்கால், செங்குத்தான மலை, முட்டும் செடி. ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றவர்களை ஏய்த்து வளைந்து வளைந்து மேலேறி வந்த ஓட்டம் அன்று மைதானத்துக்குள் யாரும் ஓடாத ஓட்டம். கோட்டுக்கு வந்ததும் பந்தை இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டிவிட்டுப் பின்வாங்கி நின்றான்.

உடற்கட்டு இல்லையாம்!

நாட்டின் அணியில் அவன் ஆடியிருக்க முடியுமா? அவனுக்கு நாடே இல்லை ஐயா. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனுடைய தந்தையை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கணக்குப்போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள். எஞ்சியவர்களின் வழக்கு முடிய 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, இப்போது குடியுரிமை இருக்கிறதே, என்ன தடை என்று கேட்பீர்கள். விடை இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கிறது.

றக்பி ஒன்றல்ல, இரண்டு. பதினைந்து பேர் ஆடும் யூனியன் ஒன்று. நம் நாட்டில் ஆடப்படுவது அது. பதின்மூவர் ஆடும் லீக் மற்றொன்று. இந்தப் பிரிவினை ஒரு நாள் கூலியால் வந்தது. யோர்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் றக்பி ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும். ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்ய அனுமதியுங்கள் என்று 1893-இல் லண்டனில் கேட்டார்கள். 282-க்கு 136 என்ற வாக்கில் மறுத்தார்கள் கனவான்கள். காசுக்காக ஆடுவது இழிவாம். வயிற்றுக் கவலை இல்லாதவனுக்கு இந்த இலட்சியம் எத்தனை எளிது! 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து ஜோர்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்குக் கழகங்கள் 22 தனியே பிரிந்தன. ஆட்டத்துக்காக இழக்கும் நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்றார்கள். அந்த ஆறு ஷில்லிங்கில் பிறந்ததுதான் றக்பி லீக். யூனியன்காரர்கள் தொழில்முறை ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1995-இல்.

அந்தக் கூலி என்ன செய்தது என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். பில்லி போஸ்டன், 1934-இல் கார்டிஃப் துறைமுகச் சேரியில் பிறந்தவர். தந்தை சியரா லியோனைச் சேர்ந்த கப்பல் தொழிலாளி, தாய் ஐரிஷ் வழியினர். வேல்ஸ் அணிக்கு ஆட வேண்டுமென்பது அவருடைய சிறுவயதுக் கனவு. கறுப்பருக்கு அந்த வாசல் அன்று திறக்கவில்லை. 1953-இல் விகன் கழகம் மூவாயிரம் பவுண் கொடுத்து அவரை லீக் ஆட்டத்துக்கு அழைத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனுக்காக ஆஸ்திரேலியா சென்று, அந்தச் சுற்றுப்பயணத்தில் 36 முறை பந்தை எல்லைக்கு அப்பால் ஊன்றினார். ஓய்வுபெறும்போது அந்தக் கணக்கு 571. 2025-இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதன்முறை. துறைமுகத்துப் பையன் கனவான் ஆன பிறகு ஆட வரவில்லை. கூலி தந்தார்கள், வந்தான்.

இனி நம் மலைக்கு வருவோம். காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகாதவனுக்குப் பேர் இல்லை. நிர்ணயித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஆயிரம் ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021-இல்தான் அதைப் பெற்றார்கள். 2024-இல் 1350 ஆயிற்று. 2016-ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 500, வருகைக்கு 60. 2026-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அரசு அறிவித்த 200 ரூபாயும் வருகைக் கொடுப்பனவுதான். வேலைக்கு வந்தால் பணம், வராவிட்டால் இல்லை என்பது இதன் பொருள். பயிற்சிக்கு ஒரு நாள், ஆட்டத்துக்கு ஒரு நாள் என்று வாரத்தில் இரண்டு பேரை எந்த வீடு இழக்கும்? பதினாறு வயதில் பையன் கொழும்புக் கடையொன்றில் மூட்டை தூக்கப் போகிறானே, வேட்கை இல்லாமலா போகிறான்?

முரளிதரனைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 800 விக்கெட் எடுத்த அந்த மாமனிதரின் பாட்டனார் 1920-இல் தோட்டத்துக்கு வந்தவர் என்பது உண்மை. ஆனால் தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். மகனைக் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்பும் வசதி பெற்றிருந்தவர். லயத்திலிருந்து பிஸ்கட் ஆலைக்கு ஏறிய பிறகு கிடைத்த விக்கெட்டுகள் அவை. அவரைக் காட்டி லயத்துப் பையனைக் குறை சொல்வது முரளிக்கும் மரியாதையன்று.

இலங்கைக் கழக றக்பியில் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள் ஆடுகின்றன. அங்கே ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளமும் உண்டு. ஆறு ஷில்லிங் தத்துவம் அங்கே வெட்கமின்றி நடைமுறையில் இருக்கிறது. தோட்டத்துக்கு மட்டும் ஏன் ஆகாது? 1992 முதல் தோட்டங்களை நிர்வகிக்கும் பெருந்தோட்டக் கம்பனிகள், ஆட்ட நாளுக்கும் பயிற்சி நாளுக்கும் முழுப்பேர் எழுதட்டும். கிராமக் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பப் பணம் அனுப்பும் வெளிநாட்டு அன்பர்கள், பதினைந்து சோடிச் சப்பாத்தும் ஒரு பயிற்றுநரின் சம்பளமும் அந்தக் கோபுரத்தில் ஒரு நிலைக்குக் காணுமா என்று கணக்குப் பார்க்கட்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இந்த ஒரு வரியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். சேர்த்தவர் யாரென்று அறிந்தால் அவர் பெயரை இதே பக்கத்தில் எழுதுகிறேன்.