மூட்டுவலி மாத்திரையை நீங்களே வாங்கிச் சாப்பிடுறீங்களா? சிறுநீரகம் பத்திரம்!

‘மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க’ என்று கேட்டால், பல மெடிக்கல் ஷாப்களில் அட்டையிலிருந்து நான்கைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். வலி குறைந்ததும், அடுத்த வாரம் காலி அட்டையைக் காட்டி மறுபடி வாங்குவதும் பல வீடுகளில் வழக்கம். பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது.

பெயர் வேறு, குடும்பம் ஒன்று!

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், மாதவிடாய் வலிக்குப் பலரும் போடும் மெஃபினமிக் ஆசிட்... எல்லாமே ஒரே வகை. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் ‘புராஸ்டாகிளாண்டின்’ என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதை இவை தடுக்கின்றன. இந்த வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்பதை 1971-ல் கண்டுபிடித்த ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதே புராஸ்டாகிளாண்டின்தான். வலியோடு சேர்த்து இந்தப் பாதுகாப்பும் குறைகிறது.

ஊசி போட்டால் வயிறு தப்பிக்குமா?

தப்பிக்காது. மருந்து ரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது என்பதால், ஊசியாகப் போட்டாலும் வயிற்றில் புண் வரலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது எரிச்சலைக் குறைக்கும். கூடவே போடும் ‘கேஸ் மாத்திரை’ வயிற்றுக்கு ஓரளவு பாதுகாப்பு தரும். சிறுநீரகத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

* பி.பி-க்கு டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரையும், நீர் பிரிவதற்கான மாத்திரையும் எடுப்பவர்கள். இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென பாதிக்கப்படலாம். வாந்தி, பேதி இருக்கும் நாளில் ஆபத்து இன்னும் கூடும்.
* இதய நோய், சிறுநீரக நோய், அல்சர் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள்.
* கர்ப்பிணிகள். குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் போடவே கூடாது.
* மாத்திரை போட்டால் வீசிங் வரும் ஆஸ்துமா நோயாளிகள்.

காய்ச்சலுக்கு வேண்டாம்!

டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் குறையும்போது, இந்த வகை மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். மழைக்காலத்தில் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும்.

அட்டையின் பின்பக்கத்தைப் படிங்க

பிராண்ட் பெயரோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர்தான் உண்மையான மருந்து. காலையில் ஒரு டாக்டர் எழுதிய 100 மி.கி டைக்ளோஃபினாக், மதியமும் இரவும் கடையில் வாங்கிய 50 மி.கி என்று போட்டால் மொத்தம் 200 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவே 150 மி.கிதான். பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். கூடவே காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அதுவும் இரட்டிப்பாகும்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, கால் வீக்கம், சிறுநீர் குறைவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தாலும் அலட்சியம் வேண்டாம். மெஃபினமிக் ஆசிட்டால் இப்படியொரு தீவிர ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்தது.

என்ன செய்யலாம்?

குறைந்த அளவு, குறைந்த நாள் என்பதுதான் விதி. இரண்டு மூன்று நாளில் வலி குறையவில்லை என்றால், அடுத்த அட்டை வாங்குவதற்குப் பதில் டாக்டரைப் பாருங்கள். முழங்கால் வலிக்கு, மேலே தடவும் ஜெல்லில் ரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு மிகக் குறைவு. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், எடைக் குறைப்பும் நிஜமான பலன் தரும். அதேநேரம், இதயத்துக்காக எழுதித் தந்த ஆஸ்பிரினையோ, முடக்குவாதத்துக்கான மாத்திரையையோ பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் தாத்தா, பாட்டி பல மாதங்களாக வலி மாத்திரை போடுகிறார்களா? இந்த வாரமே அவர்களின் மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். பி.பி-யோடு கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது. பரிசோதனை செய்தால்தான் தெரியும்.