பிரசங்கம் மட்டும் போதுமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல தேவாலயங்களில் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் கேட்கும். 'விடுமுறை வேதாகமப் பள்ளி' என்று அதற்குப் பெயர். நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் அல்ல. கல்லூரி மாணவர்கள், தையல் வேலைக்குப் போகும் பெண்கள், கடைச் சிப்பந்திகள். மனமுவந்து வருகிற தொண்டர்கள்.

இவர்களுக்காக இரண்டு மூன்று நாள் தலைமைப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பல முகாம்களில் நடப்பது என்ன? காலையில் ஒரு பிரசங்கம். பகலில் ஒரு பிரசங்கம். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பிரசங்கம். அப்போது பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. கடைசி நாளில் சான்றிதழும் புகைப்படமும்.

ஊர் திரும்பிய இளைஞன் முன்னால் நாற்பது பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். ஒருவன் அழுகிறான். இருவர் அடித்துக்கொள்கிறார்கள். இளைஞனுக்கு நாக்கு வறண்டுவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

முகாமில் பாதி நேரத்தையாவது செய்து பழகுவதற்கு ஒதுக்க வேண்டும். பக்கத்துத் தெருப் பிள்ளைகளை அழைத்து வந்து, ஒவ்வொரு தொண்டரும் பத்து நிமிடம் கதை சொல்லட்டும். அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருந்து பார்த்து, குறையைத் தனியாக அழைத்துச் சொல்லட்டும். சபை நடுவே சொன்னால் அந்தப் பெண்ணோ பையனோ மறுமுறை வரமாட்டார்கள்.

இது புதிய யோசனை அல்ல. இயேசுநாதர் பன்னிரு சீடரை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் செய்ததையெல்லாம் அவரிடம் சொன்னார்கள். அதன் பிறகு ஓய்வெடுக்க அழைத்துப் போனார். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் 6-ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. முகாம் நடத்துகிறவர்கள் அறியாததா?

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்புகிறார்கள். எந்தத் தொண்டரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது. இங்கேயும் இருவர் இருவராக இருப்பதே நல்லது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-ஆம் ஆண்டில் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால், அதற்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓர் ஆண்டு வரை. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பவர்கள் இதை அறிய வேண்டும். எத்தனை முகாம்களில் இதற்கு ஒரு மணி நேரம் தருகிறார்கள்?

முகாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை அதே தொண்டர்களை மறுபடி கூட்ட வேண்டும். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவர்கள் பேச வேண்டும். போதகர்களும் பெரியவர்களும் அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டாம். விரித்துப்போட நாலு பாய் இருந்தால் போதும்.