கெண்டைக்காலில் கட்டிய வீரம்

கண்டி–குருநாகல் வீதியில் உள்ள கலகெதரவில் இருந்துகொண்டு கடலடிச் சுழியோட்டத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண மணிக்கணக்கில் பயணிக்க வேண்டிய ஊர் இது. ஆயினும் நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் மாலைதீவுக்கும் உல்லாசப் பயணத்துறை வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள் இங்கும் உண்டு. அவர்களுள் ஸ்கூபா பழகியவர்கள் ஊருக்குக் கொண்டுவரும் படங்களில், கெண்டைக்காலில் ஒரு சாண் நீளக் கத்தி தவறாமல் இருக்கிறது. அந்தக் கத்தியோடுதான் எனக்கு வழக்கு.

அது கடல் தந்த கத்தியன்று. திரைப்படம் தந்த கத்தி. 1965இல் வெளியான 'தண்டர்பால்' படத்தில் ஜேம்ஸ் பொண்ட் நீருக்கடியில் நடத்திய போர் போன்ற காட்சிகளே சுழியோடியை வாளேந்திய வீரனாக்கின. மெய்யான சுழியோடிக்கோ சுறாவும் எதிரியும் பகையல்ல. தங்கூசி வலையே பகை. நீருள் கண்ணுக்குப் புலப்படாத அந்த நைலோன் இழை எளிதில் மக்குவதில்லை. அறுந்து பாறையில் சிக்கிய பின்னும் ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். இலங்கையில் தங்கூசி வலை 2006இல் தடைசெய்யப்பட்டது. கடலடியில் ஏற்கெனவே கிடக்கும் வலை வர்த்தமானி வாசிப்பதில்லையே!

மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹேர்மிஸை எண்ணிப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அவ்விமானந்தாங்கிக் கப்பலோடு 307 பேர் மாண்டனர். இன்று அதன்மீது மீன்பிடி வலைகள் சிக்கிக் கிடக்கின்றன. அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். மேற்பரப்பில் ஒரு மணிநேரம் சுவாசிக்கப் போதுமான காற்று, அங்கே பத்து நிமிடத்துக்கும் போதாது. அத்தகைய இடத்தில் வலையில் சிக்கியவனுக்கு வேண்டியது வீரமா, இழையை ஒரே இழுப்பில் அறுக்கும் கருவியா?

மலைநாட்டவருக்கு இது புரியாத செய்தியன்று. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கத்தியால் எவரும் இறப்பர் மரத்தில் பால் வெட்டுவதில்லை. வேலைதான் கத்தியின் வடிவத்தை நிச்சயிக்கிறது. கடலுக்குப் போனதும் இந்த அறிவை ஏன் கரையில் விட்டுச் செல்கிறோம்?

வலை இழைக்கு மிக ஏற்றது, கொக்கிபோல் வளைந்த பிடிக்குள் சவர அலகு பொருத்திய சிறு அறுப்பான். விரலையோ காற்றுக் குழாயையோ அது எளிதில் வெட்டாது. ஆயின் தடித்த கயிறு அதன் வாய்க்குள் நுழையாது. அதற்கு, விபத்தில் சிக்கியவரின் உடையை வெட்ட அம்புலன்ஸ் ஊழியர் பயன்படுத்தும் மொட்டைமுனைக் கத்தரிக்கோல் நன்று, விலையும் மலிவு. கத்திதான் வேண்டுமெனில் கையடக்கமானதாய், முனை மழுங்கியதாய், ஒரு விளிம்பு வாள்பல்லாய் இருக்கட்டும். 'துருப்பிடிக்காத எஃகு' என்ற பெயரை உப்புநீர் மதிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும். டைட்டேனியம் துருப்பிடிக்காது, விலை கூடும், கூர் விரைவில் மழுங்கும்.

எதைத் தெரிவது என்பதைப் போலவே எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கெண்டைக்காலின் வெளிப்புறம் கட்டிய கத்தியில் வலை தானே மாட்டிக்கொள்ளும்; கால் சிக்கிவிட்டால் அதைக் குனிந்தெடுக்கவும் இயலாது. மார்புப் பட்டியிலோ இடுப்புப் பட்டியிலோ, எந்தக் கைக்கும் எட்டும்படி, இரு வேறிடங்களில் இரு கருவிகள் இருக்க வேண்டும். ஒன்று கைநழுவினால் மற்றது உயிர் காக்கும்.

"தேர்ந்த சுழியோடிக்குக் கத்தியே வேண்டாம், துணைவன் இருக்கிறான்" என்பார் சிலர். துணைவனே முதல் துணை என்பதை ஏற்கிறேன். ஆனால், வெறுங்கையோடு வரும் துணைவன் தங்கூசியைப் பல்லால் கடிப்பானா? "பெரிய கத்தியால் நெம்பலாம், தட்டலாம்" என்பாரும் உளர். நெம்பப்படுவது பெரும்பாலும் பவளப்பாறை; அந்த வசதி இல்லாதிருப்பதே நன்று.

என் சினம் கத்தியோடு முடிவதில்லை. பொழுதுபோக்குக்காக மூழ்குபவர் பகட்டுக்குக் கத்தி அணிகிறார். வடகடலில் கடலட்டைக்கும் சங்குக்கும் கூலிக்கு மூழ்குபவரோ வலைகள் விரிந்த அதே நீரில் நாள்தோறும் உழைக்கிறார். சங்கு, கடலட்டை எடுக்க அனுமதிப்பத்திரம் வழங்கும் அரசு, ஆளுக்கு இரண்டு வெட்டுங்கருவிகளை அதன் நிபந்தனையாக்கட்டும். சிலிண்டர் கொடுக்கும் முதலாளியே அவற்றையும் கொடுக்கட்டும். பயிற்சி நிலையங்கள், ஆழமற்ற நீரில் கண்ணை மறைத்து, தன்னைத்தானே அறுத்து விடுவித்துக்கொள்ளும் பயிற்சியின்றி எவருக்கும் சான்றிதழ் வழங்காதிருக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு மரண வீட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.