கறுப்புத் துணியும் ஒரு பொய்யும்

விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து விருத்தாசலம் ரோட்டில் ஓடுவது என் பழக்கம். ஆண்டிமடம் கடைத்தெருவைத் தாண்டினால் முந்திரிக்காடு, செம்மண், இருட்டு. எனக்கு இருக்கிற பயம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு நாய். இன்னொண்ணு லைட் போடாமல் வரும் டிராக்டர். ஓடுகிற இடத்தில் குண்டு வெடிக்கும் என்று நினைத்ததே இல்லை.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் வெடித்தது. முடிவுக்கோட்டுப் பக்கத்தில், சில நொடி இடைவெளியில் ரெண்டு குண்டு. மூணு பேர் போனார்கள், அதில் ஒருத்தன் எட்டு வயசுப் பையன். 260 பேருக்கு மேல் காயம். ஜெயித்தவர்கள் எல்லாம் எப்பவோ போய்விட்டார்கள். வெடித்தது ஓட்டம் தொடங்கி நாலு மணி நேரத்துக்கு மேல் கழித்து, என்னை மாதிரி சாதா ஆளுங்க மூச்சு வாங்க வந்து சேரும் நேரத்தில். அதுதான் எனக்கு அடிவயிற்றில் என்னமோ பண்ணியது. ஆறே நாளில் லண்டன் மாரத்தான். 30 விநாடி மௌனம், நெஞ்சில் கறுப்பு ரிப்பன் என்று ஓடினார்கள்.

நானும் விடுவேனா? பனியனில் கறுப்புத் துணியைக் குத்திக்கொண்டு ஒரு வாரம் ஓடினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஓடிவிட்டு டீக்கடையில் நின்றபோது ஒரு பெரியவர் கேட்டார்.

"என்னா தம்பி, யாரு தவறிட்டாங்க? சொந்தமா?"

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏந்தம்பி, நம்ம பக்கம்லாம் இப்படி நடந்ததில்லியா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. நான் சொன்னது பொய். நடந்திருக்கிறது, அதுவும் சரியாக அஞ்சு வருஷம் முன்னாடி, கடலுக்கு அந்தப் பக்கம்.

2008 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை காலை. கொழும்புக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் வெலிவேரியா. சித்திரைப் புத்தாண்டுக்காக ஒரு மாரத்தான். சிங்களவரும் தமிழரும் ஒரே நாளில் கொண்டாடும் புத்தாண்டு அது, கவனிங்க. கொடி அசைக்க வந்த அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயைக் குறிவைத்துத் தற்கொலைக் குண்டு. அவரோடு சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். புலிகள் செய்தது என்றது இலங்கை அரசு. செத்தவர்களில் கருணாரத்ன இருந்தார், ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவர். தேசிய தடகளப் பயிற்சியாளர் லக்ஷ்மன் டி அல்விஸும் இருந்தார்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன்? பேப்பரில் படித்தேன். "அமைச்சர்தானே, அவங்க அரசாங்கம்தானே" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன். கறுப்புத் துணியும் இல்லை, ஒண்ணும் இல்லை. கருணாரத்ன என்று ஒரு ஓட்டக்காரர் செத்ததே அஞ்சு வருஷம் கழித்துத் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரியும். பாஸ்டனில் நான் ஓட்டக்காரன். வெலிவேரியாவில் மட்டும் கட்சிக்காரன் ஆகிவிட்டேன்.

"அப்போ முள்ளிவாய்க்கால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2009-ல் அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. அது மறக்கவோ மன்னிக்கவோ கூடியது இல்லை. ஆனால் அந்தத் துக்கத்தை எடைக்கல்லாக வைத்து இந்தத் துக்கத்தை நிறுக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன். ஓடலாம் என்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டு வந்து நின்றவன் எந்தக் கணக்கில் வருவான்?

அதே 2013-ல் சென்னையில் நடக்க இருந்த ஆசியத் தடகளப் போட்டி, இலங்கை வீரர்கள் வரக்கூடாது என்று தமிழக அரசு சொன்னதால் புனேவுக்குப் போனது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பாலச்சந்திரன் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது போய் விழுந்த இடம் ஓடுகிற பிள்ளைகள் தலையில். நம்ம பிள்ளைகளுக்கும் சொந்த மண்ணில் ஓடும் வாய்ப்பு போச்சு. அன்றைக்கு நானும் கைதட்டினேன், மறைக்கவில்லை.

2014-ல் பாஸ்டனில் ஜெயித்த மெப் கெஃப்லெஸிகி, செத்தவர்கள் பெயரைத் தன் நம்பர் அட்டையின் மூலைகளில் எழுதிக்கொண்டு ஓடினார். எரித்திரியாவில் பிறந்து, சண்டைக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை அவர். அந்தப் படத்தைப் பார்த்தபோது வெலிவேரியாவில் செத்தவர்களில் எத்தனை பேர் பெயர் எனக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். மூணு.

அதிலிருந்து வருஷா வருஷம் ஏப்ரல் 6-ம் தேதி பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். துணி, ரிப்பன் எதுவும் குத்திக்கொள்வதில்லை. டீக்கடைப் பெரியவர் இப்போது இல்லை. இருந்திருந்தால், "நடந்திருக்குங்க, நம்ம பக்கத்திலேயே" என்று சொல்லியிருப்பேன்.

நீங்க 2008-ல் அந்தச் செய்தியைப் படித்தபோது என்ன நினைத்தீர்கள்? நேர்மையாகச் சொல்லுங்க மக்களே. திட்டுறதா இருந்தாலும் பரவாயில்லை.