தேறலும் சாராயமும்

தேறு என்றால் தெளி. மண்டி நீங்க வடித்த கள், தேறல். யவனர் கொண்டுவந்த தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஊற்றித்தர, தினமும் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர் (புறநானூறு 56). தமிழ் வகுப்பில் இதற்குப் பெயர் பண்பாடு. பாணனுக்கு அரசன் கள் வார்த்தால் விருந்தோம்பல். நறவு, மட்டு, தோப்பி என்று இன்னும் எத்தனை பெயர்! நம்ம சேரி ஆளு வேலை முடிஞ்சு கொஞ்சம் குடிச்சா மட்டும் 'குடிகாரப் பயலுக'.

குடி நம் வீடுகளைத் தின்பதை நாம் மறைக்கவில்லை. நம் பெண்கள்தான் அதை முதலில் சொன்னவர்கள். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவரைக் கொன்றது. தலித்துகள் நிறைந்த கருணாபுரத்தில் வரிசையாகப் பிணம். அரசு 10 லட்சம் அறிவித்ததும், 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குங்க காசு?' என்றார்கள். தேறலுக்குப் பொருள் தெரிந்தவர்களும் அப்படிக் கேட்டார்கள்.