ஒரு பருவமும் மூன்று களங்களும்

கால்பந்தாட்டத்திற்கும் நம் தறிக்கும் ஏருக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் நெம்மேலியில் மாலை வேளைகளில் கடற்கரைப் பக்கம் சென்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். சவுக்குத் தோப்புகளுக்கு இடையே மணலில் கோடு கிழித்துப் பந்துதைக்கும் பிள்ளைகள் வேறு யாருமல்லர். நம் அங்கத்தினர்களின் மக்களே. அவர்களுள் பலர், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள சென்னை நேரு விளையாட்டரங்கிற்குச் சென்று, நீலச் சட்டை அணிந்த சென்னையின் எப்.சி. கோஷ்டியின் ஆட்டத்தைக் கண்டு வருகிறவர்கள். அக்கோஷ்டியின் ஒரு பருவத்துக் கதை, பிள்ளைகளைக் காட்டிலும் பெரியவர்களாகிய நமக்கே அதிகம் பயன்படும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

ஆண்டு மகாசபைக் கூட்டம் நெருங்கும்போதெல்லாம் நம்மிடையே ஒரு பேச்சு எழுவதுண்டு. பண்டிகை விற்பனை குறைந்து சேலைகள் அலமாரியில் தேங்கிய ஆண்டிலும், மழை பொய்த்தோ மிகுந்தோ சம்பா கைவிட்ட ஆண்டிலும் அப்பேச்சு உரத்துக் கேட்கும். "சங்கத்தால் என்ன கண்டோம்? பங்குத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வியாபாரியிடமே போய்விடலாம்" என்பதே அது. கஷ்டப்பட்டவன் வாயில் வரும் பேச்சு. அதனைக் குறை கூறமாட்டோம். ஆனால் ஓராண்டை எப்படி அளப்பது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். அத்தெளிவுக்காகவே பந்தாட்டக் களத்திற்குச் செல்கிறோம்.

சென்னையின் எப்.சி. கழகம், நடிகர் அபிஷேக் பச்சன், வீடா டானி, கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையில் 2014இல் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே, 2015இல், இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூர்க் கோஷ்டியை அதன் சொந்த அரங்கிலேயே 3க்கு 2 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி இரண்டாம் முறையும் பட்டம் பெற்றது. முதல் கோல் எதிரியுடையது. அதன் பின்னர்ப் பிரேசில் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் இருமுறை தலையால் முட்டிக் கோல் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். அதற்கு முந்தைய அரையிறுதியில் கோவாவை வென்ற ஆட்டத்தில் வியாசர்பாடியின் மைந்தர் தன்பால் கணேசும் ஒரு கோல் அடித்திருந்தார். சென்னை நகரமே கொண்டாடியது.

அடுத்த பருவத்தில் நடந்தது என்ன? 2018-19 லீக் பந்தயத்தில் இதே கழகம் 18 ஆட்டங்கள் ஆடியது. வென்றவை 2, சமநிலையில் முடிந்தவை 3, தோற்றவை 13. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்ற கணக்கின்படி கிடைக்கக்கூடிய 54 புள்ளிகளில் கிடைத்தவை 9. பத்துக் கோஷ்டிகளில் பத்தாம் இடம். பட்டம் சூடிய தலை ஓராண்டிற்குள் தரையில் விழுந்தது. முந்தைய ஆண்டின் தலைவர் செரேனோ கழகத்தில் இல்லை; கணேஷ் காயமுற்றிருந்தார். காரணங்கள் எவையாயினும் பட்டியலின் அடியில் இருப்பவன் அடியில் இருப்பவனே.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், "அக்கோஷ்டி ஒழிந்தது" என்று கூறிவிட்டு நாமும் எழுதுகோலைக் கீழே வைத்திருப்போம். ஆனால் பருவம் அங்கே முடியவில்லை. லீக்கில் ஓயாது தோற்றுக்கொண்டிருந்தபோதும் 2019 பிப்ரவரியில் சென்னைக் களத்தில் பெங்களூரை 2க்கு 1 என வென்றது. அந்தப் பெங்களூரே அவ்வாண்டின் பட்டத்தைப் பெற்றது என்பதை நினைவிற்கொள்க. கடைசியில் நின்றவர், முதலில் நின்றவரை வென்றனர்.

பின்னர் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பைப் பந்தயம் நடைபெற்றது. அதில் அரையிறுதியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கோஷ்டியை 2க்கு 0 என வென்று சென்னைக் கோஷ்டி இறுதிக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 13 அன்று கோவாவிடம் 2க்கு 1 எனத் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. லீக்கில் பத்தாமவர் கோப்பையில் இரண்டாமவர். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அவர்களே. பயிற்சியாளர் ஜான் கிரிகரியும் அவரே.

மூன்றாவது களம் அயல்நாட்டைச் சார்ந்தது. 2018இல் பட்டம் வென்ற காரணத்தால் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பைக்கு ஆடும் உரிமை 2019இல் வந்து சேர்ந்தது. முதலில் இலங்கையின் கொழும்புக் கழகத்தை எதிர்த்து அந்நகரில் கோலின்றிச் சமநிலை. பிறகு மறு ஆட்டத்தில் 1க்கு 0 என வெற்றி. இதனால் பிரிவுச் சுற்றில் இடம் கிடைத்தது. அங்கே டாக்கா அபஹானி, நேபாளத்தின் மனாங் மர்ஷ்யாங்தி, நம் நாட்டின் மினர்வா பஞ்சாப் ஆகியவை எதிரிகள். சொந்தக் களத்து ஆட்டங்கள்கூடச் சென்னையில் நடக்கவில்லை. குசராத்தின் ஆமதாபாத்தில் நடந்தன. ஊரார் ஆரவாரம் இல்லாத அந்நிலையிலும் ஆறு ஆட்டங்களில் மூன்று வெற்றி, இரண்டு சமநிலை, ஒரே தோல்வி. டாக்காவில் 3க்கு 2 எனப் பெற்ற அந்த ஒரு தோல்வியே வழியை அடைத்தது. அபஹானிக்கு 13 புள்ளி, சென்னைக்கு 11. முதலிடம் பெற்றவரே அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்பது விதி. சென்னை வெளியேறியது, எனினும் தலைகுனிந்து வெளியேறவில்லை.

செங்கற்பட்டுச் சீமை விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒரே நிலத்தில் மூன்று பட்டம் பார்த்தவர் நாம். சம்பாவை வெள்ளம் கொண்டுபோன ஆண்டிலே நவரை கைகொடுத்ததுண்டு. சம்பா போயிற்று என்று நிலத்தை விற்றவன் நவரையைக் காணான். நெசவாளிக்கும் அவ்வாறே. உள்ளூர் விற்பனை, பண்டிகைத் தள்ளுபடி விற்பனை, வெளியூர்க் கண்காட்சி என அவனுக்கும் களங்கள் பல. ஒரு களத்துக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டிற்குத் தீர்ப்புக் கூறுதல் தகாது.

இன்னொன்றும் காண்க. ஆசியக் களத்தில் ஆடும் உரிமை, தோற்ற ஆண்டில் சம்பாதித்ததன்று; வென்ற ஆண்டில் சேர்த்து வைத்தது. நல்ல ஆண்டின் லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியில் போடுகிறோமே, "எல்லாவற்றையும் பங்கு ஈவாகக் கொடுத்தால் என்ன" என்று சிலர் முணுமுணுக்கிறார்களே, அவர்களுக்கு இதுவே விடை. நல்ல ஆண்டு சேர்த்தது கெட்ட ஆண்டைத் தாங்கும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கூறாவிடின் நாம் நேர்மையானவர் ஆகமாட்டோம். கோப்பையில் இரண்டாமிடம் பெற்றதைக் காட்டி லீக்கில் பத்தாமிடம் பெற்றதை மறைத்துவிடலாகாது. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 2019-20 பருவத்தின் தொடக்கமும் சரியாக அமையாமற்போகவே, 2019 நவம்பர் இறுதியில் கிரிகரி விலகினார். ஓவன் காயில் பொறுப்பேற்றார். அதன் பின் கோஷ்டி எழுந்து, 2020 மார்ச்சில் கோவாவில் நடந்த இறுதிப் பந்தயம் வரை சென்றது. கொரோனாத் தொற்றின் காரணமாகப் பார்வையாளரே இல்லாத அரங்கில் ஏ.டி.கே. கோஷ்டியிடம் 3க்கு 1 எனத் தோற்றது. காத்திருக்க வேண்டிய காலத்தில் காத்திருப்பதும், மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றுவதும் இரண்டும் வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காத்திருப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்தவர் யார்? முதலாளிகள். தோல்வி ஆண்டிலும் நேரு அரங்கிற்குச் சென்று அமர்ந்திருந்த ரசிகருக்கு அதில் ஒரு வாக்கும் இல்லை. அவர் செய்யக்கூடியது இரண்டே: சீட்டு வாங்கலாம், அல்லது வீட்டில் இருக்கலாம். முதலாளிகள்மீது நமக்குப் பகையில்லை. அவர்கள் பணம் போட்டவர்கள். ஆனால் வேறு வழியும் உலகில் உண்டு.

வடக்கே ஸ்வீடன் நாட்டில், கால்பந்துக் கழகங்களில் வாக்குப் பலத்தின் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்தின் கையிலேயே இருக்கவேண்டும் என்பது விதி. கம்பெனி ஏற்படுத்தி முதலீடு வாங்கினாலும் பாதிக்கு மேற்பட்ட வாக்கு உறுப்பினருடையதே. ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் வந்து அமர்ந்து கணக்குக் கேட்கிறார்கள், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படக்கருவியைப் பார்த்து நடுவரின் தீர்ப்பை மாற்றும் முறை ஐரோப்பாவின் பெரிய லீக்குகளிலெல்லாம் புகுந்தபோது, ஸ்வீடனின் கழக உறுப்பினர்கள் பலர் தத்தம் கூட்டங்களில் அதனை வேண்டாமென்று வாக்களித்தனர். 2024இல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அம்முயற்சியைக் கைவிட்டது. அம்முறை நல்லதா கெட்டதா என்பது நம் ஆராய்ச்சி அன்று. உறுப்பினர் பேச்சு மேலிடம் வரை சென்றது என்பதே நாம் காண்பது.

அத்தகைய கழகம் உயர முடியுமா என்று ஐயுறுவோர்க்கு யோத்தபரி நகரின் ஐ.எப்.கே. கழகம் விடை கூறும். 1982இல் அது தன் நாட்டு லீக்கையும் கோப்பையையும் வென்றது. அதே ஆண்டில் ஐரோப்பிய யூ.இ.எப்.ஏ. கோப்பையின் இறுதியில் ஜெர்மனியின் செல்வமிக்க ஹாம்பர்க் கோஷ்டியைத் தன் ஊரில் 1க்கு 0 எனவும், எதிரியின் ஊரில் 3க்கு 0 எனவும் வென்றது. அக்கோஷ்டியின் ஆட்டக்காரர் பலர் பகலில் வேறு தொழில் பார்த்து மாலையில் பந்தாடியவர்கள். பயிற்சியாளர் சுவென் யோரான் எரிக்சன். 1987இல் மறுபடியும் அக்கோப்பை அவர்களுக்கே வந்தது.

அக்கழகம் நிறுவப்பெற்றது 1904இல். அந்த ஆண்டு நமக்கும் மறக்கத்தகாதது. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் 1904இல். அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் நாட்டின் தொடக்ககாலக் கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்று தோன்றியதும் அதே ஆண்டில்தான். கடல் கடந்த அக்குளிர் தேசத்தாரும் நம் சீமை விவசாயிகளும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே எண்ணத்தை ஓராண்டில் கைக்கொண்டனர். தனித்து நிற்க இயலாதோர் சேர்ந்து நின்றால், ஆளுக்கொரு வாக்கு வைத்துக்கொண்டால், பெரியவர்களின் களத்திலும் இறங்கலாம் என்பதே அவ்வெண்ணம்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. நேரு அரங்கின் ரசிகருக்கு இல்லாத உரிமை உங்களுக்கு இருக்கிறது. கெட்ட ஆண்டில் விலகிப் போகிறவர் அவ்வுரிமையை வியாபாரியின் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். விலகாமல் இருந்தும் மகாசபைக்கு வராதவர் அதனைத் துருப்பிடிக்க விடுகிறார். இருங்கள், வாருங்கள், கேளுங்கள். இம்மூன்றும் சேர்ந்ததே அங்கத்துவம்.

நிர்வாக சபைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டறிக்கையில் லாபம் இவ்வளவு, நஷ்டம் இவ்வளவு என்று ஒரே தொகையை எழுதி முடித்துவிடலாகாது. ஒவ்வொரு பட்டத்துக் கொள்முதலும், ஒவ்வொரு சந்தையின் சேலை விற்பனையும், தேக்கமும், சேமநிதியின் இருப்பும் தனித்தனியே விளங்க வேண்டும். எளிய தமிழில் எழுதிய அக்கணக்கைக் கூட்டத்திற்குப் பத்து நாள் முன்னதாகவே சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவிடுக. வென்ற களமும் தெரியட்டும். தோற்ற களமும் தெரியட்டும். எங்கே தோற்றோம் என்பதை அறியாத அங்கத்தினர், எல்லாவற்றிலும் தோற்றுவிட்டோம் என்றே எண்ணிக்கொள்வார். அவரைக் குற்றம் கூற நமக்கு வாய் இராது.

மாலையில் மணலில் பந்துதைக்கும் பிள்ளைகள் ஓர் ஆட்டம் தோற்றால் மறுநாள் வராமல் இருப்பதில்லை. யார் எங்கே நின்றான், யார் பந்தை விட்டான் என்று வாதாடிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். மறுநாள் கோட்டை மறுபடியும் கிழிக்கிறார்கள். வரும் மகாசபைக்கு நாமும் அந்த மனத்தோடு செல்வோமாக.