வலி எந்தப் பக்கம் போகிறது?

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனை காலை இழந்தார். அம்மாதம் 15ஆம் தேதி உயிரையும் இழந்தார். இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்ததாக அரசே கூறியது. மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். யார் பிழை என்பது வேறு பேச்சு. கட்டுக்குள் நடப்பதை வெளியே இருப்பவர் எப்போது அறியலாம் என்ற கேள்வி நம்மிடம்தான் மிஞ்சியிருக்கிறது.

இறுக்கமான கட்டினால் தசை உறைக்குள் அழுத்தம் ஏறும்போது முதலில் நசுங்குபவை சிறு ரத்தக் குழாய்கள். பெரிய தமனி துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் 'பாதத்தில் நாடி இருக்கிறது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக நகர்வது ஆபத்து. நாடி மறைவது கடைசி அறிகுறி. மருந்துக்கு அடங்காமல் ஏறும் வலியும், கால் விரலை நாம் மெல்ல நீட்டினால் நோயாளி அலறுவதும் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேகம் தணியும்வரை அந்த வலியும் ஊமைதான் என்பது வேறு சங்கடம். ரத்தம் முற்றிலும் தடைபட்டால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின் தசை மீளாது. 'ஆபரேஷன் என்றால் வலிக்கத்தானே செய்யும்' என்று நாம் சொல்லும் சமாதானம் இந்த ஆறு மணி நேரத்தைத்தான் தின்கிறது. வலி இருக்கிறதா என்பதைவிட, சற்று முன்பைவிட இப்போது குறைகிறதா கூடுகிறதா என்பதே கேட்க வேண்டியது. சிசேரியன் செய்த வயிற்றின் வலிக்கும் இதே கேள்விதான்.

கடலோரத்தில் கொக்கிலமேட்டிலோ சதுரங்கப்பட்டினத்திலோ, சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய ஒரு தாய்க்கு இரவு ஒன்பது மணிக்கு வலி திரும்புகிறது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனை சுமார் முப்பது கிலோமீட்டர். 108ஐ அழைத்தாலும் பயண நேரம் நோயின் கணக்கில்தான் சேரும். 'விடியட்டும், பார்க்கலாம்' என்பது மருத்துவமனைக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கே ஆபத்து. கடலோரத்தவருக்கு இன்னும் முன்கூட்டிக் கிளம்பச் சொல்ல வேண்டும். இப்படிப் பயமுறுத்தினால் ஒவ்வொரு குத்தலுக்கும் கேஷுவாலிட்டி நிரம்பிவிடும் என்பார்கள். 'ஏதாவது இருந்தால் வாருங்கள்' என்று மொட்டையாக எழுதும் டிஸ்சார்ஜ் சீட்டுதான் அப்படி நிரப்பும். எது வந்தால் உடனே, எது வந்தால் காலையில் என்று பிரித்து எழுதினால் வீட்டில் இருப்பவர்களே பிரித்துப் பார்ப்பார்கள்.

வார்டில் வலியின் போக்கை இரவு முழுவதும் கவனிக்க ஆள் போதாது என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியருக்கு, அறுவை மருத்துவர் வரும்வரை காத்திராமல், கட்டைத் தோல்வரை வெட்டித் திறந்து, காலை இதய மட்டத்தில் வைத்த பிறகு அவரை அழைக்கும் அதிகாரம் எழுத்தில் வேண்டும். தவறாகத் திறந்துவிட்டால் நட்டம் ஒரு சுருள் துணி.